நான் கொடுக்காமல் போன இரண்டு ரூபாய்

சென்ற வாரம் என் பேரன் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினான். நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து படக் கம்பெனி தொடங்குகிறார்களாம். ஃபைனான்சியர் கிடையாது; பார்க்கப்போகிறவர்களிடமே முன்பணம் வாங்கிப் படம் எடுப்பார்களாம். "புது ஐடியா தாத்தா" என்றான். "இதற்கு என்னைவிட வயசு அதிகம்டா" என்றேன்.

அவனுக்குச் சொன்ன மூன்று பழைய கதைகளை இங்கேயும் எழுதிவைக்கிறேன். மூன்றாவதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பங்கு என்பதைவிடப் பாக்கி என்பதே சரி.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு 'மார்செய்யேஸ்' பாட்டு மனப்பாடம். அதே பெயரில் ஓவியர் ரெனுவாரின் மகன் ழான் ரெனுவார் ஒரு படம் எடுத்தார் என்பது, வேலைக்குச் சேர்ந்த பிறகு புதுவை அலியான்ஸ் பிரான்சேஸில் அதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 1792-இல் மார்செய் நகரத் தொண்டர்கள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு பாரிசுக்கு நடந்த கதை. 1936-இல் பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்த உற்சாகத்தில், மக்களின் படத்தை மக்கள் பணத்திலேயே எடுப்போம் என்று புறப்பட்டார்கள். தொழிற்சங்கங்கள் துணை நின்றன. தலைக்கு 2 பிராங்கு. கொட்டகையில் அந்தச் சீட்டைக் காட்டினால் டிக்கெட் விலையில் 2 பிராங்கு கழித்துக்கொள்ளலாம். ஏற்பாடு நேர்த்தியானதுதான், ஆனால் வந்த பணம் போதவில்லை. வழக்கமான கம்பெனி ஒன்றை அமைத்தே படத்தை முடித்தார்கள். 1938 பிப்ரவரியில் படம் வெளிவருவதற்குள் மக்கள் முன்னணியே தளர்ந்துவிட்டது. எதிர்பார்த்த கூட்டமும் வரவில்லை. உற்சாகத்தை நம்பி வசூலிக்கும் பணம் உற்சாகம் வடிந்ததும் வடிந்துவிடும் என்பது அதில் நான் கற்ற பாடம்.

இரண்டாவது கதை நம் நாட்டுக் கதை. குஜராத் பால் கூட்டுறவுக்காக ஆவணப்படங்கள் எடுத்த ஷியாம் பெனகல், அதே விஷயத்தை முழுக் கதைப்படமாக எடுக்க விரும்பினார். பணத்துக்கு வழி சொன்னவர் வர்கீஸ் குரியன். 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஒரு நாள் பால் பணத்தில் ஆளுக்கு 2 ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார்கள். 10 லட்ச ரூபாய் சேர்ந்துவிட்டது. 1976-இல் வந்த 'மந்தன்' படத்தின் தொடக்கத்தில், குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் வழங்கும் படம் என்றே எழுத்து வரும். தங்கள் படத்தைப் பார்க்க அவர்கள் லாரி லாரியாக வந்தார்கள்.

பிராங்கு போதாமல் போனதற்கும் ரூபாய் போதுமாக இருந்ததற்கும் காரணம், என் குமாஸ்தா புத்திக்குத் தெரிந்தவரை, பேரேடுதான். குஜராத்தில் ஊர்தோறும் சங்கம், உறுப்பினர் பட்டியல், தினசரிப் பட்டுவாடா எல்லாம் முன்பே இருந்தன. உண்டியலைத் தூக்கிக்கொண்டு யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கதையில் எல்லோரும் அலைந்தார்கள். ஜான் ஆபிரகாம் எல்.ஐ.சி. உத்தியோகத்தை விட்டுவிட்டுப் புனா திரைப்படக் கல்லூரிக்குப் போய், ரித்விக் கட்டக்கிடம் பாடம் கேட்டவர். 1977-இல் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவர் இவரே. தேசிய விருது பெற்ற அந்தப் படத்தைப் பார்க்க நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்தது? எடுத்தால் போதாது, காட்டுகிற வழியும் நம் கையில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1984-இல் கோழிக்கோட்டில் நண்பர்களுடன் 'ஒடெஸா' என்ற அமைப்பைத் தொடங்கினார். 16 எம்.எம். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் 'த கிட்' படத்தைக் காட்டி, பார்த்தவர்களிடம் முடிந்ததை வாங்கினார்கள்.

அப்போது நான் மாஹேயில் யூ.டி.சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடகரைக்குப் போயிருந்தேன். சாப்ளினைக் காட்டி முடித்த பிறகு ஒரு பையன் துண்டை விரித்துக்கொண்டு வந்தான். "சாரே, ரண்டு ரூபா" என்றான். சட்டைப்பையில் பணம் இருந்தது. நான் கையை எடுக்கவில்லை. இவர்கள் தீவிரவாதப் பையன்கள் என்று பேச்சு. யாராவது பார்த்து ஆபீசில் சொல்லிவிட்டால்? அரசு ஊழியர் நன்கொடை வசூலிக்கத்தான் அனுமதி வேண்டும், கொடுப்பதற்கு வேண்டியதில்லை. அந்த நடத்தை விதிகளை நானே டைப் அடித்திருக்கிறேன். தெரிந்தும் பயந்தேன். அவன் சிரித்துக்கொண்டே பக்கத்து ஆளிடம் போனான். பக்கத்து ஆள் ஒரு பீடித் தொழிலாளி. அவர் கொடுத்தார்.

1986-இல் 'அம்ம அறியான்' தயாரானது. தற்கொலை செய்துகொண்ட ஓர் இளைஞனின் சாவை அவன் தாயிடம் சொல்ல, வயநாட்டிலிருந்து கொச்சி வரை நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து போகும் கறுப்பு வெள்ளைப் படம். அதையும் ஊர் ஊராகத்தான் காட்டினார்கள். மாஹே பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் மண்ணில் உட்கார்ந்து பார்த்தேன். பாதிப் படம் எனக்குப் புரியவில்லை. ஆனால் சுற்றியிருந்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் அழைக்காத விருந்தாளி.

1987 மே மாதக் கடைசியில், கோழிக்கோட்டில் ஒரு மாடியிலிருந்து விழுந்து ஜான் இறந்தார். வயது 49. ஒடெஸா அதன்பின் ஆவணப்படங்கள் எடுத்தது, திரையிடல்களை நடத்தியது. ஆனால் அப்படி இன்னொரு பெரிய கதைப்படம் அங்கிருந்து வரவில்லை.

மூன்று கதைகளிலும் முதல் படம் எப்படியோ வந்துவிட்டது. இரண்டாவது படம்தான் வரவில்லை. பால் சங்கம்கூட ஒரு படத்தோடு தன் பால் வேலைக்குத் திரும்பிவிட்டது. ஒரு படத்துக்கு ஜனங்கள் ஆசையோடு கொடுப்பார்கள். ஒரு நிறுவனம் நிற்க வேண்டுமானால், கொடுத்தவர்களின் பெயர் எழுதிய பேரேடும், முதல் ஆள் போன பிறகு அதை எடுத்து நடத்த இரண்டாவது ஆளும் வேண்டும்.

இதைத்தான் பேரனிடம் சொன்னேன். "அப்படியானால் அவர்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாமா தாத்தா?" என்றான்.

ஐந்நூறு ரூபாய் அனுப்பச் சொன்னேன். வடகரைப் பாக்கி, வட்டியோடு.

'அம்ம அறியான்' படத்துக்கு அந்த நாளில் காசு கொடுத்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.