ஓட்டிப் பார்க்காமலே ஓட்டை கண்டுபிடிப்பது

1970-களில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த பெல் ஆய்வகத்தில் புழங்கிய சி கம்பைலர் ரொம்பத் தாராளமான ஆள். இரண்டு மதிப்புகளை எதிர்பார்க்கும் ஃபங்ஷனை வேறொரு கோப்பிலிருந்து மூன்று மதிப்புகளோடு கூப்பிட்டாலும் முகம் சுளிக்காது. எண் இருக்க வேண்டிய இடத்தில் நினைவக முகவரியை வைத்தாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கம்பைலர் சிறிதாகவும் வேகமாகவும் இருந்தாக வேண்டிய காலம் அது. ஒவ்வொன்றையும் நின்று விசாரிக்க அதற்கு நேரமில்லை.

விசாரணையைத் தனியாகப் பிரித்தவர் அங்கே வேலை பார்த்த ஸ்டீபன் ஜான்சன். யூனிக்ஸ் உலகம் இவரை நினைவில் வைத்திருப்பது ‘யாக்’ என்ற வேறொரு கருவிக்காக. சி நிரல்களை ஒரு வகைக் கணினியிலிருந்து இன்னொரு வகைக்குக் கொண்டுபோகும்போது எங்கெல்லாம் உடையும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது. அதற்காக அவர் எழுதியதுதான் ‘லின்ட்’. நிரலை ஓடவிடாமல், எழுதப்பட்டதை மட்டும் படித்துச் சந்தேகங்களைப் பட்டியல் போடும். 1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு அது வெளியுலகுக்கு வந்தது. திருடர்களைப் பற்றிய கவலை அன்று அதற்கு இல்லை.

அந்தக் கவலையைக் கொண்டுவந்தது 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் இணையத்தில் ஒரு புழுவை, அதாவது தானே பரவும் நிரலை, அவிழ்த்துவிட்டார். (அவருடைய அப்பாவும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வேலை பார்த்தவர்.) யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று சொல்லும் ‘ஃபிங்கர்’ சேவை, வரும் வரியை வைக்க 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வரியை வாங்க அது பயன்படுத்திய ‘கெட்ஸ்’ ஃபங்ஷனோ இடம் போதுமா என்று பார்க்காது. புழு 536 பைட் அனுப்பியது. மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழிந்து, கணினியின் கடிவாளம் புழுவின் கைக்குப் போனது. சுமார் 6,000 கணினிகள் மாட்டியதாக அன்று மதிப்பிட்டார்கள். ஃபிங்கர் நிரலில் தரவு வகைகள் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியிருந்தன. லின்ட் தேடிப் பழகிய குற்றமே வேறு. ‘கெட்ஸ்’ சி மொழியின் தரநிர்ணயத்திலிருந்து நீக்கப்பட்டது 2011-இல்தான். தெரிந்த எமனை 23 வருடம் வீட்டில் வைத்திருந்தார்கள்.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கென்றே எழுதப்பட்ட கருவிகள் 2000-ஐ ஒட்டி வந்தன. அந்த ஆண்டு சிஜிட்டல் நிறுவனம் ‘ஐடிஎஸ்4’ என்ற ஒன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் டேவிட் வீலரின் ‘ஃப்ளாஃபைண்டர்’, இன்னொரு குழுவின் ‘ராட்ஸ்’ இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் வந்தன. மூன்றும் அடிப்படையில் கறுப்புப் பட்டியல்கள்தான்: ‘கெட்ஸ்’, ‘ஸ்டிரிங்காப்பி’ மாதிரி ஆபத்தான பெயர்கள் நிரலில் எங்கே வந்தாலும் கைநீட்டும். அந்த இடம் உண்மையில் ஆபத்தானதா என்று நிரலின் போக்கைத் தொடர்ந்து போய்ப் பார்க்காது. நூறு முறை ‘புலி வருது’ என்று கத்தினால் நூற்றோராவது முறை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இந்தப் பொய்க் கூச்சலைத் திறமையின்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றிய எந்த முக்கியமான கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் தப்பாமல் பதில் சொல்லும் கருவி இருக்க முடியாது என்று ஹென்றி ரைஸ் 1953-லேயே நிரூபித்துவிட்டார். ஒன்று பொய் எச்சரிக்கை வரும், அல்லது உண்மையான பிழை தப்பும். எதைப் பொறுத்துக்கொள்வது என்பதுதான் கருவி எழுதுபவர் முன்னால் உள்ள தேர்வு.

ஸ்டான்ஃபோர்டில் டாசன் எங்லரும் அவருடைய மாணவர்களும் 2001-இல் வைத்த யோசனை இந்தக் கதையிலேயே அழகானது. நிரல் சரியா தப்பா என்று கருவிக்குத் தெரிய வேண்டாம். எழுதியவர் என்ன நம்பினார் என்று தெரிந்தால் போதும். ஒருவர் ஒரு முகவரியைத் தயங்காமல் பயன்படுத்துகிறார். இரண்டு வரி தள்ளி அதே முகவரி காலியாக இருக்கிறதா என்று சோதிக்கிறார். முதல் வரியில் அது காலியில்லை என்று நம்பினார், மூன்றாம் வரியில் இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். இரண்டில் ஒன்று பிழை. லினக்ஸ், ஓபன்பிஎஸ்டி இயங்குதளங்களில் இந்த வழியில் நூற்றுக்கணக்கான பிழைகள் அகப்பட்டன.

அந்தக் குழுதான் ‘கோவெரிட்டி’ என்ற நிறுவனமாயிற்று. கடை விரித்த பிறகு கற்ற பாடங்களை 2010-இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். பொய் எச்சரிக்கை 30 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கியவர்கள் கருவியையே ஒதுக்கிவிடுகிறார்கள் என்கிறது அது. உண்மையான பிழையைக் காட்டினாலும் சண்டைதான். அரேயின் எல்லைக்கு ஓர் இடம் தள்ளி எழுத சி மொழி அனுமதிக்கிறது என்று ஒரு பொறியாளர் கடைசிவரை விடாமல் வாதாடியிருக்கிறார். விளக்கிப் புரியவைக்கக் கடினமான சோதனைகளைக் கோவெரிட்டி கைவிட்டது. சரியான கண்டுபிடிப்பையும் வாடிக்கையாளர் பொய் என்று ஒதுக்குவார் என்றால் அது வியாபாரத்துக்கு உதவாது. புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான், ஆனால் எதைப் பற்றி வாய் திறப்பது என்று கருவி தீர்மானிப்பதில் வாடிக்கையாளரின் பொறுமைக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க மென்பொருளில், “இதைத் திருப்பி அனுப்பு, நீளம் இவ்வளவு” என்று ஒருவர் கேட்டால், அவர் சொன்ன நீளத்தை சர்வர் அப்படியே நம்பியது. அனுப்பியது ஒரே பைட்டாக இருந்தாலும், 64 கிலோபைட் வரை தன் நினைவகத்திலிருந்து அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், ரகசியச் சாவியே இருக்கலாம். அந்தப் பிழையைக் கண்டவர்களில் ஒருவரான கூகுளின் நீல் மேத்தா நிரலை வரிவரியாக வாசித்துத்தான் பிடித்தார்.

கோவெரிட்டி கோட்டைவிட்டிருந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஆண்டி சௌ அதை மறைக்காமல் எழுதினார். வெளியாள் அனுப்பிய எண் ஓபன்எஸ்எஸ்எல்லின் பல அடுக்குகளைக் கடந்து வருவதற்குள் கருவி அதன் தடத்தைத் தொலைத்துவிடுகிறது. அவர்கள் கண்ட மாற்று வழியில் எங்லரின் பழைய யோசனையின் சாயல் உண்டு. வலையிலிருந்து வரும் எண்ணின் பைட்டுகளை நிரலர் வரிசை மாற்றி அடுக்குகிறார் என்றால், அது வெளியிலிருந்து வந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அப்படி அடுக்கிய எந்த எண்ணையும் நம்பாதே என்று கருவிக்கு விதி எழுதினார்கள். உடனே ஹார்ட்பிளீட் சிக்கியது. பிழை ஓபன்எஸ்எஸ்எல்லோடு வெளியே போனது 2012 மார்ச்சில். விதி வந்தது 2014 ஏப்ரலில், செய்தி உலகம் முழுக்கப் பரவிய பிறகு.