நாபோத்தின் திராட்சத்தோட்டமும் ஒரு கால்பந்துச் சட்டையும்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 21:1–16



ஆகாப் ராஜா நாபோத்திடம் முதலில் அநியாயமாக எதையும் கேட்கவில்லை. அரண்மனையை ஒட்டியிருந்த திராட்சத்தோட்டத்துக்கு ஈடாக அதைவிட நல்ல தோட்டம் ஒன்றைத் தருவதாகவும், வேண்டுமானால் அதன் விலையைப் பணமாகவே கொடுப்பதாகவும் சொன்னான். வாணிபக் கணக்கில் நாபோத்துக்கு இதில் இழப்பு ஏதுமில்லை. ஆயினும் அவன் மறுத்தான். அது அவன் பிதாக்களின் சுதந்தரம். தேசம் கர்த்தருடையது, ஜனங்கள் அதில் தங்கியிருப்பவர்களே என்று நியாயப்பிரமாணம் கற்பித்திருந்தது (லேவியராகமம் 25:23). தனக்கு முன்னிருந்தவர்கள் ஒப்படைத்ததையும் தனக்குப் பின்வருபவர்களுக்குச் சேரவேண்டியதையும் விற்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று அவன் அறிந்திருந்தான்.

நல்ல விலை வந்துவிட்டது என்பதாலேயே ஒன்றை விற்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறதா? இந்தக் கேள்வியோடு இவ்வாரம் இங்கிலாந்தின் கால்பந்து வரலாற்றில் ஒரு பகுதியைப் பார்ப்போம். நம் வாலிபர்களில் பலர் நள்ளிரவிலும் விழித்திருந்து அந்த ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். வீரர்களின் மார்பில் பல ஆண்டுகளாகப் பந்தய நிறுவனங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதையும் பார்க்கிறார்கள். அந்தச் சட்டைகளை முதலில் அணிந்தவர்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகளும் துறைமுகங்களும் நிறைந்த ஆங்கில நகரங்களில் சபைகள் ஒரு புதிய பொறுப்பை உணர்ந்தன. சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு பெற்ற இளந்தொழிலாளர்கள் மதுக்கடைக்குள் நுழைவதற்கு முன் அவர்களுக்கு ஒரு திடலைக் காட்டவேண்டும் என்று போதகர்கள் நினைத்தார்கள். பர்மிங்காமில் ஒரு வெஸ்லியன் ஆலயத்து வாலிபர்கள் 1874இல் தொடங்கியதே ஆஸ்டன் வில்லா. போல்டன் வாண்டரர்ஸ் அதே ஆண்டில் ஓர் ஓய்வுநாள் பள்ளியிலிருந்து எழுந்தது. 1879இல் லண்டனின் ஃபுல்ஹாமும் அவ்வாறே ஓர் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளால் உண்டாயிற்று. மான்செஸ்டர் சிட்டியின் தொடக்கம் புனித மாற்கு ஆலயம். சவுத்தாம்ப்டனின் தொடக்கம் புனித மரியாள் ஆலயத்து வாலிபர் சங்கம்.

இவற்றுள் எவர்டனின் கதையை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம். லிவர்பூலில் புனித டொமிங்கோ என்னும் மெதடிஸ்து ஆலயம் இருந்தது. 1877இல் அங்கே ஊழியத்துக்கு வந்த பென் ஸ்விஃப்ட் சேம்பர்ஸ் என்னும் போதகர் சபை வாலிபர்களுக்காக ஒரு கிரிக்கெட் அணியை அமைத்தார். குளிர்காலத்திலும் அவர்கள் கூடிவர வேண்டும் என்பதற்காக 1878இல் கால்பந்து சேர்க்கப்பட்டது. மறு ஆண்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்தபோது, ஆலயத்தின் பெயர் நீங்கிச் சுற்றுப்புறத்தின் பெயரான எவர்டன் நிலைத்தது.

1892இல் கழகம் இரண்டாகப் பிரிந்தது. அவர்கள் ஆடிவந்த ஆன்ஃபீல்டு திடல் ஜான் ஹோல்டிங் என்னும் மதுபான உற்பத்தியாளரின் கையில் இருந்தது. வாடகையே வழக்கின் மையம். ஆயினும் ஒரு மதுவணிகரின் நலன்களுக்குள் கழகம் கட்டுண்டு கிடப்பதை உறுப்பினர் பலர் விரும்பவில்லை. வெளியேறியவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் மேஹன், புனித டொமிங்கோ ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அவர்கள் கட்டிய குடிசன் பார்க் அரங்கின் ஒரு மூலையில், பார்வையாளர் மாடங்களுக்கு நடுவே, புனித லூக்கா ஆலயம் இன்றும் நிற்கிறது. கைவசமிருந்த திடலைவிடச் சுயாதீனம் பெரிது என்று அந்தத் தலைமுறை எண்ணியது.

பணப்பந்தயம் ஆட்டத்தை விட்டு எட்டவே நின்றது என்று எண்ணிவிட வேண்டாம். 1915 ஏப்ரல் 2 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டும் லிவர்பூலும் மோதின. யுனைடெட் 2–0 என்று வென்றது. இரு அணிகளையும் சேர்ந்த சில வீரர்கள் முடிவை முன்கூட்டியே பேசிவைத்து, அதன்மேல் பணம் கட்டியிருந்தார்கள் என்பது பின்னர் வெளிப்பட்டது. ஏழு வீரர்களுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அந்த நாள் பெரிய வெள்ளி. சிலுவையின் அடியில் சேவகர் அங்கிக்காகச் சீட்டுப்போட்டதை ஆலயங்கள் நினைவுகூர்ந்த அதே நாளில் இது நடந்தது. அச்சேவகருக்கு அங்கியின் மதிப்பு தெரிந்தது. மேலே தொங்கியவர் யாரென்பது தெரியவில்லை.

1923இல் ஜான் மூர்ஸ் என்னும் இளம் தந்தி ஊழியர் இரு நண்பர்களோடு சேர்ந்து லிட்டில்வுட்ஸ் என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். வாரத்து ஆட்டங்களின் முடிவுகளைக் கணித்துக் கூப்பனில் குறித்து அனுப்பவேண்டும். எல்லோருடைய பணமும் ஒரே தொகுப்பாகச் சேரும். நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சியது சரியாகக் கணித்தவர்களுக்குப் பகிரப்படும். ‘ஃபுட்பால் பூல்ஸ்’ என்பது இதுவே. முதல் வாரம் 4,000 கூப்பன்கள் விநியோகிக்கப்பட்டன. 35 மட்டுமே திரும்பி வந்தன. நண்பர்கள் விலகினர், மூர்ஸ் விடவில்லை. பத்தே ஆண்டுகளுக்குள் அவர் கோடீஸ்வரரானார். இலட்சக்கணக்கான தொழிலாளர் வீடுகளில் சமையலறை மேசைமேல் அந்தக் கூப்பன் வாராவாரம் நிரப்பப்பட்டது.

கால்பந்து லீக் இதை எதிர்த்தது. 1936 பிப்ரவரி இறுதியில், எந்த அணி எந்த அணியோடு மோதும் என்பதைக் கடைசி நேரம்வரை மறைத்துவைத்தது. பட்டியல் இல்லாவிட்டால் கூப்பன் அச்சிட முடியாதல்லவா? ஆனால் பார்வையாளர் கூட்டம் குறைந்தது, கழகங்கள் முறுமுறுத்தன. இரண்டே வாரங்களில் அந்தப் போராட்டம் கைவிடப்பட்டது. 1959இல் அதே லீக், ஆட்டப் பட்டியலின் பதிப்புரிமை தன்னுடையது என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டி, பூல்ஸ் நிறுவனங்களிடமிருந்து ஆண்டுதோறும் பணம் பெறத் தொடங்கியது. இருபத்துமூன்று ஆண்டுகளில் எதிராளி பங்காளியானார். அதற்கடுத்த ஆண்டு, 1960இல், ஜான் மூர்ஸ் எவர்டனின் தலைவரானார். ஒரு போதகர் தொடங்கிவைத்த கழகத்தின் தலைமை இருக்கையில் பூல்ஸ் அதிபர் அமர்ந்தார்.

மூர்ஸைக் கொடியவராகச் சித்தரிப்பது நியாயமாகாது. அவர் சட்டத்துக்கு உட்பட்டே தொழில் செய்தார். பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்தார். லிவர்பூலில் ஒரு பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூல்ஸ் பணத்தால் நன்மையே இல்லை என்றும் சொல்லமுடியாது. 1989இல் ஹில்ஸ்பரோ அரங்கில் நேர்ந்த நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் பலர் உயிரிழந்தார்கள். அதன்பின் அரங்குகளைப் பாதுகாப்பாகச் சீரமைக்க, பூல்ஸ் மீதான வரியில் ஒரு பகுதியை அரசு விட்டுக்கொடுத்தது. ஆகாபும் நல்ல விலையையே முன்வைத்தான் என்பதை நினைவில் கொள்வோம். சோதனை பெரும்பாலும் பயனுள்ள ஒன்றின் உருவத்தில்தான் வருகிறது.

ஆனால் அதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்று நம்மைச் சிந்திக்க வைக்கவேண்டும். 1962 டிசம்பர் 1 அன்று ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணி இப்ஸ்விச்சிடம் தோற்றது. தங்கள் அணி தோற்கும் என்று வெட்னஸ்டே வீரர்கள் மூவர் பணம் கட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான டோனி கே அம்மாதமே எவர்டனுக்கு விற்கப்பட்டார். 1963இல் எவர்டன் சாம்பியன் பட்டம் வென்றபோது அணியில் அவரும் இருந்தார். 1964இல் ஒரு ஞாயிறு செய்தித்தாள் உண்மையை வெளிப்படுத்தியது. மறு ஆண்டு மூவரும் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். அதோடு வாழ்நாள் தடையும் வந்தது. கே செய்தது வஞ்சகம், தண்டனை தகுந்ததே. எனினும் ஆட்டங்களின்மேல் நாடே பணம் கட்டும்படி செய்த தொழில் கழகத்தின் தலைமையில் மதிப்போடு வீற்றிருக்க, அதே மேசையில் கை நீட்டிய வீரர் சிறைக்குச் சென்ற காட்சியைக் கண்டு அக்காலத்துச் சபைகள் எத்தனை தூரம் கலங்கின?

2005இல் பிரிட்டனில் புதிய சூதாட்டச் சட்டம் நிறைவேறி, 2007 முதல் பந்தய விளம்பரங்களுக்குக் கதவு அகலத் திறந்தது. அதற்கு முன்பே, 2002இல், பிரீமியர் லீக் கழகம் ஒன்று முதன்முறையாகப் பந்தய நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் ஏற்றிருந்தது. அந்தக் கழகம் ஃபுல்ஹாம். ஓய்வுநாள் பள்ளியில் பிறந்த அதே ஃபுல்ஹாம். 2017இல் எவர்டன், கென்யாவில் தோன்றிய ஸ்போர்ட்பெசா நிறுவனத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்து, அம்மாதங்களிலேயே தான்சானியாவுக்குச் சென்று கென்யாவின் கோர் மாஹியா அணியோடு ஆடியது. கைப்பேசி வழியே பந்தயம் கிழக்கு ஆப்பிரிக்க இளைஞரிடையே பரவிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒப்பந்தம் 2020இல் இடையிலேயே முடிந்தது. 2022இல் ஸ்டேக் என்னும் இன்னொரு பந்தய நிறுவனம் வந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு அதை எதிர்த்தார்கள். பெயர் சட்டையில் ஏறியது.

பூல்ஸ் காலத்துக்கும் நம் காலத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று வாரத்துக்கு ஒரு கூப்பன். அஞ்சலில் சேர்த்துவிட்டுச் சனிக்கிழமைவரை காத்திருக்கவேண்டும். இன்று ஆட்டம் நடக்கும்போதே, அடுத்த கோலை யார் போடுவார் என்று நொடிக்கு நொடி பணம் கட்டலாம். நிறுவனத்தின் கணக்கோ எளியது. சரிபாதி வாய்ப்புள்ள பந்தயத்தில் நூறு ரூபாய் கட்டி வென்றவருக்கு இருநூறு தராமல் நூற்றுத்தொண்ணூறு தந்தால் போதும். ஆடுபவர் எத்தனை முறை திரும்பி வருகிறாரோ அத்தனை நிச்சயமாக லாபம் நிறுவனத்தைச் சேரும். ஆகவே அந்தத் தொழிலுக்கு வேண்டியது திரும்பத் திரும்ப வருகிற மனிதன். அவனை எங்கே தேடுவது? தகப்பன் தோளில் அமர்ந்து அரங்குக்கு வந்த நாள் முதல் ஓர் அணியைக் கைவிடாமல் நேசிப்பவன் எங்கே இருக்கிறானோ, அங்கே.

சட்டைமேல் பெயர் பொறிக்க நிறுவனம் கொடுக்கும் பணம் அந்தப் பற்றுக்கான விலையே. அந்தப் பற்றைக் கழக நிர்வாகிகள் உண்டாக்கவில்லை. பாட்டன் தகப்பனுக்கும் தகப்பன் மகனுக்கும் கொடுத்தது அது, அவர்களுடைய சுதந்தரம். நிர்வாகிகள் அதன் காவலர் மட்டுமே. சிறுவர்களுக்கான சட்டைகளில் பந்தய நிறுவனத்தின் பெயர் இருக்கக்கூடாது என்று பிரிட்டனில் விதி செய்தார்கள். நல்ல விதிதான். ஆனால் பிள்ளைக்கு ஆகாது என்று நீக்கிய பெயரை, அந்தப் பிள்ளை கண்கொட்டாமல் பார்க்கும் வீரனின் மார்பில் எழுதினார்கள்.

பிரெண்ட்ஃபோர்டு கழகத்தின் ஐவன் டோனி, பந்தய விதிகளை 232 முறை மீறியதாக 2023இல் எட்டு மாதங்கள் தடை செய்யப்பட்டார். சூதாட்ட அடிமைத்தனம் அவருக்கு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்திருந்தார். அவர் அணிந்து விளையாடிய சட்டையிலும் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயரே இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் டோனி கேயின் நாட்களில் கண்ட முரண்பாடு அப்படியே தொடர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பிரீமியர் லீக் கழகங்கள், 2025–26 பருவத்தோடு சட்டையின் முன்புறத்திலிருந்து பந்தயப் பெயர்களை நீக்க ஒப்புக்கொண்டன. சட்டையின் கையிலும் அரங்கின் விளம்பரப் பலகைகளிலும் அவை தொடரத் தடையில்லை.

“வயதுவந்தவர் தம் பணத்தைத் தம் விருப்பப்படி செலவழிக்கிறார்; இதில் பாவம் எங்கே?” என்று சிலர் கேட்கலாம். “வேதாகமத்திலேயே சீட்டுப்போட்டார்களே” என்றும் சொல்லலாம். உண்மைதான். கானானில் சீட்டுப்போட்டு நிலம் பங்கிட்டார்கள். மத்தியா அப்போஸ்தலரோடு சேர்க்கப்பட்டதும் அவ்வாறே. அங்கே ஒருவர் பெறுவதற்காக இன்னொருவர் இழக்கவில்லை. தீர்ப்பைக் கர்த்தரிடம் ஒப்புவித்தார்கள். ஏசாயா 65:11 கடிந்துகொள்வது வேறொன்றை. அங்கே ஜனங்கள் கர்த்தரை விட்டு, அதிர்ஷ்டத்தின் தெய்வங்களான காத்துக்கும் மேனிக்கும் பந்தியை ஆயத்தம்பண்ணுகிறார்கள். அந்தப் பந்தியில் அமர்பவனைக் காட்டிலும் அதை விரித்து வைப்பவனே அதிகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன்.

தமிழகத்தில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து 2022இல் சட்டம் இயற்றப்பட்டது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களின் கண்ணீர் அதற்குப் பின்னால் இருக்கிறது. சட்டம் வேண்டும். ஆனால் சட்டத்துக்கு முன்பே சபைக்கு ஒரு கடமை உண்டு. அறுப்பின் பண்டிகை விற்பனையில், கட்டட நிதிக்காகத்தானே என்று நாம் வைக்கும் அதிர்ஷ்டக் குலுக்கல் சிறியதுதான். 4,000 கூப்பன்களும் சிறியவைதான். காணிக்கையை மனமுவந்து கொடுக்கக் கற்கவேண்டிய பிள்ளைக்கு, கொடுத்தால் ஏதாவது விழும் என்று நாமே ஏன் கற்பிக்கவேண்டும்? கடனில் சிக்கி, வெட்கத்தால் வாய்திறவாமல், ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்ட ஒரு வாலிபன் நம் சபையிலும் இருக்கக்கூடும். அவனைத் தேடிப் போய், கண்டிப்பதற்கு முன் அவன் சொல்வதைக் கேட்க ஒருவராவது இருக்கவேண்டும். சேம்பர்ஸ் போதகர் தம் வாலிபருக்காகச் செய்ததும் அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சென்றதே.

இவ்வாரம் நம் வீட்டிலும் சபையிலும் எதை நாம் காவலராக மட்டும் பெற்றிருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம்: பிள்ளைகளின் நம்பிக்கை, சபையின் நற்பெயர், பெரியவர்கள் கண்ணீரோடு கட்டிவைத்தவை. அவற்றுக்கு யாராவது நல்ல விலை பேசினால், நாபோத்தைப் போல மறுக்கும் பலத்தைத் தேவன் தருவாராக.

ஜெபம்: பிதாவே, எங்கள் கையில் ஒப்புவித்தவற்றை விலைபேசாமல் காக்க எங்களுக்குக் கிருபை தாரும். சூதாட்டத்தின் கண்ணியில் சிக்கியிருக்கிறவர்களையும் அவர்களுக்காக அழுகிற வீட்டாரையும் நினைத்தருளும். அவர்களைத் தேடிச்செல்லும் கால்களை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.