சேத்தியாத்தோப்பு பஸ்ஸும் ஆதித்த கரிகாலன் கொலையும்



போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். "டீச்சர், படம் பார்த்துட்டு வந்து பையன் கேக்கறான், ஆதித்த கரிகாலனைக் கொன்னது நந்தினிதானே?" என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா இது? இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

'பொன்னியின் செல்வன்' நாவலை நான் முழுக்க முழுக்கப் பஸ்ஸில் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் பக்கம் தினமும் போய்வர வேண்டும். வழி நெடுக வீராணம் ஏரிக்கரை. கூட வேலை பார்த்த அக்கா ஒருவர், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய தொகுப்பைக் கொடுத்தார். போகும்போது இரண்டு அத்தியாயம், வரும்போது இரண்டு. கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதியவர். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் நிறுத்துவார். பஸ் பயணத்துக்கு இதைவிடத் தோதான புத்தகம் கிடையாது. ஐந்து பாகம், ஏறக்குறைய முந்நூறு அத்தியாயம். நிற்க இடமில்லாத நாட்களைக் கழித்தால் ஜூனில் தொடங்கியது அரையாண்டுத் தேர்வு சமயத்தில்தான் முடிந்தது.

கதை தொடங்குவதே அந்த ஏரிக்கரையில்தான். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் படிக்கிறேன், வெளியே அதே ஏரி! முதல் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப்பெயர், அதுதான் வாய்வழக்கில் வீராணம் ஆனது. இன்று சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் இதுவும் உண்டு.

கதை எங்கே தொடங்கியதோ, கொலைக்கான சாட்சியும் அங்கேயே பக்கத்தில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில். அதன் சுவரில் ராஜராஜன் ஆட்சியின் 2-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். நாவலில் வரும் ரவிதாசன் ஆந்தை போலக் கத்தும் மந்திரவாதி. கல்வெட்டில் வரும் ரவிதாசனோ 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்ற பட்டம் பெற்றவன். பரமேசுவரன் 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'. பிரமாதிராஜன் என்பது அரசன் பெரிய அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். காட்டில் பதுங்கியிருந்த கூட்டம் என்பதைவிட, அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தவர்கள் என்பது எனக்குப் பயங்கரமாகப் பட்டது. நந்தினி? அப்படி ஒருத்தி எந்தக் கல்வெட்டிலும் இல்லை, கல்கியின் கற்பனை. வந்தியத்தேவனும் குந்தவையும் உண்மையில் இருந்தவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்கிறது.

ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. கொலை நடந்தது சுமார் 969-இல். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. நடுவில் ஆண்ட உத்தம சோழன் குற்றவாளிகளை ஏன் தண்டிக்கவில்லை என்று கேட்டு நீலகண்ட சாஸ்திரி அவன்மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என் கட்சி பண்டாரத்தார் கட்சி. கல்வெட்டு சொல்வது அவர்கள் நிலம் கைமாறிய கதையை மட்டும்தான். தண்டனை அப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்தது என்று எங்கும் எழுதியில்லை. கல்கியே கூட, அத்தனை அத்தியாயம் எழுதியும், கொலையாளி இவன்தான் என்று அடித்துச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

நாவலை முடித்த பிறகு ஒரு சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து உடையார்குடிக்கு நடந்தே போனேன். பழைய எழுத்து எனக்குப் படிக்க வராது. அச்சில் வந்த வாசகத்தைக் கையால் எழுதி எடுத்துப் போயிருந்தேன். சுவர் முன்னால் நின்று அதைப் படித்தபோது உறைத்தது, பாதிக் கல்வெட்டு உறவுமுறைதான். யார் யாருடைய சொத்தைப் பறிமுதல் செய்வது என்று ஒரு பட்டியல். துரோகிகளின் பிள்ளைகள், மனைவிமார், பெரியப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் வரை போகிறது. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும் வரிசை மாதிரியே இருக்கிறது! கொலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத எத்தனை மாப்பிள்ளைகள் அதில் நிலத்தை இழந்தார்களோ. நான் படித்த நாவல் அவர்களைப் பற்றி எழுதவில்லை.

அந்தக் கல்வெட்டை வெட்டியதும் கொலையைப் பதிவு செய்வதற்காக அல்ல. பறிமுதலான நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலில் சாப்பாடு போடுவதற்காக எழுதிவைத்தார். அந்த நிலம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியிருந்ததால் கொலையும் உள்ளே வந்தது. ஒரு கிரயப் பத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பையனிடம் இதைச் சொல், அம்மா. விடுமுறையில் இந்தப் பக்கம் வந்தால் உடையார்குடிக்குக் கூட்டிக்கொண்டு வா. நானும் வருகிறேன். சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் ஏரி இருக்கும் பக்கமாக உட்கார வை.