வலைப்பந்தாட்ட அணி: வந்தவர்களும் வரப்போகிறவர்களும்

வல்வெட்டித்துறையின் விளையாட்டு வரலாற்றை எழுதுபவர்கள் கடலில் தொடங்குவார்கள். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தித் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தன் எமது ஊரவர். அடுத்து உதைபந்தாட்டக் கழகங்கள் வரும். பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்கு அந்த வரலாற்றில் ஓரிரு வரிகள் கிடைப்பதே அரிது. அது பாடசாலை மதிலுக்குள் நடந்தது. பார்க்க வந்தவர்கள் குறைவு. படம் எடுத்தவர்கள் அதிலும் குறைவு. சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அந்தக் குறையைச் சிறிதேனும் நீக்கவும், வரும் பருவத்தில் எமது வலைப்பந்தாட்ட அணியின் நிலை என்ன என்று சொல்லவும் விரும்புகிறோம்.

வலைப்பந்தாட்டம் பெண்களுக்காகவே உருவான ஆட்டம். 1891இல் அமெரிக்காவில் தோன்றிய கூடைப்பந்தாட்டம், சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிகளுக்கு வந்து, நீளப் பாவாடையுடன் ஆடியவர்களுக்கு ஏற்றபடி மாறியது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது விலக்கப்பட்டது. 1901இல் விதிகள் அச்சாயின. ஆங்கில ஆட்சிக்காலத்தில் பெண்கள் பாடசாலைகள் வழியாக அது இலங்கைக்கு வந்தது. 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிச் சர்வதேச விதிகளை ஒழுங்குசெய்தது எமது நாட்டில்தான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்னில் நடந்த முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் ஆடிய 11 அணிகளுள் இலங்கையும் ஒன்று.

சிறிய பாடசாலைகளில் இந்த ஆட்டம் வேரூன்றியதற்குக் காரணம் எளிது. ஹொக்கி ஆட 91 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் கொண்ட மைதானம் வேண்டும். ஆளுக்கொரு மட்டை வேண்டும். வலைப்பந்தாட்டத்துக்கு 30.5 மீற்றருக்கு 15.25 மீற்றர் நிலம், இரண்டு கம்பங்கள், ஒரு பந்து, ஏழு பிள்ளைகள் போதும்.

அந்த ஏழு பேரைச் சேர்ப்பதுதான் எந்தக் காலத்திலும் சிரமம். கழகங்கள் வெளியிலிருந்து வீராங்கனைகளை அழைத்துக்கொள்ளலாம். பாடசாலைக்குத் தரம் 6இல் சேரும் பிள்ளைகளே புதுவரவு. அவர்கள் ஆடக் கற்றுத் தேறும்போது சாதாரண தரப் பரீட்சை வரும். மீண்டு வந்தால் உயர்தரம் வரும். ஒவ்வோர் ஆண்டும் அணி கலைந்து மீண்டும் கட்டப்படுகிறது.

நாங்கள் ஆடிய 1990களில் பரீட்சையோடு வேறு காரணங்களும் சேர்ந்தன. 1990இலிருந்து குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பந்தும் காற்றும் கூடச் சிக்கனமாகின. பந்தின் தையல் பிரிந்தால் செருப்புத் தைப்பவரிடமும், காற்று இறங்கினால் சைக்கிள் கடைக்கும் கொண்டு ஓடினோம். ஆடுகளத்தின் ஓரத்தில் பங்கர் இருந்தது. பொம்மர் சத்தம் கேட்டால் பந்தை விட்டுவிட்டு இறங்குவோம். போனபின் எந்தப் புள்ளியில் நின்றோம் என்று சண்டை பிடிப்போம். வெளிமாவட்டப் போட்டி என்ற பேச்சே இல்லை. பக்கத்துப் பாடசாலைகளுடன் சிநேகபூர்வமாக ஆடுவதே எங்கள் பருவம்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியும் வடமராட்சியும் நிறைந்தன. எங்கள் வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கின. பாடங்கள் மரநிழலில் நடந்தன. அப்போது எங்களோடு படிக்க வந்தவர்களுள் சிலர் தம் பாடசாலை அணிகளில் ஆடியவர்கள். அவர்களில் ஒருத்தி, பந்தை நெற்றிக்கு மேலே உயர்த்தி, முழங்காலை மடக்கி நிமிர்ந்து எறிவாள். பத்தில் எட்டு உள்ளே விழும். அவளிடம்தான் நாங்கள் கோல் போடக் கற்றோம். 1996 சித்திரை, வைகாசி மாதங்களில் மக்கள் வலிகாமம் திரும்பியபோது அவளும் போய்விட்டாள். எங்கள் காலத்தின் மிகச் சிறந்த அணி ஆறே மாதம் இருந்தது. அதற்கு ஒரு சான்றிதழும் இல்லை.

2009இல் போர் முடிந்தது. அதே ஆண்டில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றது; அதில் ஆடியவர் யாழ்ப்பாணம் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். 2018இலும் 2022இலும் இலங்கை மீண்டும் வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். 2011 சிங்கப்பூர் உலகக் கிண்ணத்தில் கோல் போடுபவர்களுள் சிறந்தவராகத் தெரிவானார். அவரது உயரம் 6 அடி 10 அங்குலம். வளையமோ 3.05 மீற்றரில், அதாவது 10 அடி உயரத்தில் இருக்கிறது.

அதன் பிறகு எல்லாப் பாடசாலைகளிலும் உயரமான பிள்ளையைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தரம் 6இல் உயரத்தை மட்டும் பார்த்து அணி சேர்ப்பதைப் பற்றி, மருத்துவத்துறைக்கு வந்த பழைய மாணவியராகிய நாங்கள் ஒன்று சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகள் மிக வேகமாக வளர்வது ஏறக்குறைய 12 வயதில். பூப்படைந்த பின் சராசரியாக 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரைதான் வளர்வார்கள். பதினொரு வயதில் வகுப்பிலேயே உயரமான பிள்ளை, முந்திப் பூப்படைந்தவளாகவும் இருக்கலாம். பதினாறில் அவள் நடுத்தர உயரத்தில் நிற்பாள். அன்று கடைசி வரிசையில் நின்ற சின்னப்பிள்ளை அவளைத் தாண்டியிருப்பாள். ஆகவே தரம் 6இல் யாரையும் கழிக்கக் கூடாது. வருகிற எல்லோரும் எறியட்டும்.

கழிவது பெரும்பாலும் பிறகுதான் நடக்கிறது. 'பெரியபிள்ளை ஆகிவிட்டாள், இனி என்ன ஓட்டம்' என்ற பேச்சு எங்கள் காலத்தில் இருந்தது. இன்று அதை யாரும் உரத்துச் சொல்வதில்லை, ரியூசன் நேரம் அதே வேலையைச் செய்கிறது. களைப்பாக இருக்கிறது என்று விலகுகிற பிள்ளைகள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு. பாடசாலையில் தரும் இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காக விழுங்கினாலே வித்தியாசம் தெரியும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காமல், உணவில் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. முழங்கால் மற்றொன்று. பந்தைப் பிடித்ததும் சட்டென்று நிற்க வேண்டிய ஆட்டம் இது. மூட்டின் நடுவிலுள்ள தசைநார் அறுவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். பாய்ந்து இறங்கும்போது முழங்காலை மடக்கவும், உட்பக்கம் சாயாமல் வைத்திருக்கவும் பழக்கினால் பெருமளவு தவிர்க்கலாம். பயிற்சிக்கு முன் 15 நிமிடம் போதும்.

இனி வரும் பருவம். பொறுப்பாசிரியையிடம் பேசினோம். உயர்தரப் பரீட்சைக்காக மூவர் விலகுகிறார்கள். அவர்களுள் இருவர் கோல் போடுபவர்கள். தடுப்பாட்டம் உறுதியாக இருக்கிறது. சென்ரரில் ஆடும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் உண்டு. கீழ்ப்பிரிவிலிருந்து ஐவர் மேலே வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி உயரமில்லாதவள், ஆனால் வீட்டு முற்றத்துப் பூவரசில் அடி கழன்ற வாளியைக் கட்டி எறிந்து பழகுகிறாளாம். வடமராட்சி வலயத்தில் அரையிறுதி வரை போகலாம். மாகாணத்தில் இந்த ஆண்டு வெல்வது கடினம். இந்த ஐவரும் மூன்று ஆண்டுகள் நிலைத்தால் அந்தக் கணக்கு மாறும்.

ஊருக்கு வரும்போது நாம் கிண்ணங்கள் வாங்கி வருகிறோம், அலுமாரி நிறைந்திருக்கிறது. அணிக்கு இப்போது வேண்டியது போட்டிக்குப் போகும் வானின் வாடகை, வழுக்காத சப்பாத்து, பயிற்சி முடிந்ததும் ஒரு கிண்ணம் அவித்த கடலை. இவற்றுக்குச் சங்கம் ஒரு சிறு நிதி ஒதுக்கலாம். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ இருப்பவர்கள் பணமின்றியும் ஒன்று செய்யலாம். உங்கள் மருமகளோ பெறாமகளோ இப்போது தரம் 8இல் படிக்கக்கூடும். அவளுடைய அம்மா தொலைபேசியில், 'படிப்புக் கெடும், விளையாட்டை நிற்பாட்டட்டோ அக்கா?' என்று கேட்பார். நாங்கள் ஆடினோம், படித்தோம், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை என்று அவருக்குச் சொல்லுங்கள்.