கட்டபொம்மனும் கம்பெனியும்: ஒரு கடிதப் போர்

வீரபாண்டிய கட்டபொம்மன் என்றதும் 1959-ல் வந்த சிவாஜி படமும் அதன் வசனங்களும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் வாளுக்கு முன்னால் அவர் நம்பியது கடிதத்தைத்தான்.

சிற்றரசர்கள் பேரரசுக்குக் கடிதம் எழுதுவது மிகப் பழைய வழக்கம். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் கானான் நாட்டுச் சிற்றரசர்கள் எகிப்து மன்னனுக்குக் களிமண் பலகைகளில் எழுதிய கடிதங்கள் 1887-ல் அமர்னாவில் கிடைத்தன. பிப்லோஸ் நகரின் ரிப்-ஹத்தா 60-க்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினான். படை உதவி கேட்டுக் கெஞ்சியும் கடைசியில் நகரத்தை இழந்தான்.

இனி நம் பக்கத்துக் கதை. 1798 மே மாதக் கணக்குப்படி பாஞ்சாலங்குறிச்சியின் கிஸ்தி பாக்கி 3,310 பகோடா. இராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி கலெக்டர் ஜாக்சன் ஆகஸ்ட் 18-ல் உத்தரவிட்டார். அதற்கு முன்பே பார்த்துவிட கட்டபொம்மன் குற்றாலத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போனார். இரண்டு இடத்திலும் ஜாக்சன் பார்க்க மறுத்தார். செப்டம்பரில் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. கட்டபொம்மன் தப்பினார். அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

அப்போதும் கட்டபொம்மன் போர் தொடுக்கவில்லை. சென்னை கவுன்சிலுக்கு முறையிட்டார். மூவர் குழு டிசம்பர் 15-ல் கூடி விசாரித்தது. பாக்கியில் பெரும்பகுதி கட்டப்பட்டு, 1,080 பகோடா மட்டுமே மீதி இருந்தது. கட்டபொம்மன் குற்றமற்றவர் என்றது குழு. ஜாக்சன் பதவி இழந்தார். ஒரு பாளையக்காரரின் முறையீட்டால் வெள்ளைக்கார கலெக்டருக்கே வேலை போனது!

ஆனால் ஒன்பது மாதத்தில் எல்லாம் மாறியது. 1798 கடைசியில் கம்பெனியின் கவனமெல்லாம் திப்பு சுல்தான் மேல் இருந்தது. தெற்கே இன்னொரு சண்டை வேண்டியதில்லை. 1799 மே 4-ல் திப்பு வீழ்ந்தார். படைகளுக்கு ஓய்வு கிடைத்தது. செப்டம்பர் 1-ல் மேஜர் பானர்மேன் அனுப்பிய ஓலை, 4-ஆம் தேதி பாளையங்கோட்டைக்கு வரச் சொன்னது. கட்டபொம்மன் பிடி கொடுக்காமல் பதில் எழுதினார். மறுநாளே கோட்டை தாக்கப்பட்டது. அக்டோபரில் அவர் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அவருடன் நின்ற பாளையங்களும் பறிபோயின. வெம்பக்கோட்டைக்கு அருகிலுள்ள ஏழாயிரம்பண்ணையும் அவற்றில் ஒன்று.

எழுதியவர் அதே கட்டபொம்மன்தான். படிக்கிறவருக்குத் தேவை இருந்தவரை கடிதத்துக்கு மதிப்பு இருந்தது. தேவை தீர்ந்ததும் பீரங்கி பேசியது. ரிப்-ஹத்தாவின் கடிதங்களும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன.