எரியாத விளக்கு

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த மஞ்சள் விளக்கை நன்றாகத் தெரியும். டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. அது எரிந்தால் மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுவார். திரையில் பி0401 என்று வந்தால், புகையின் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் பாதையில் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். பி2463 என்றால் புகை வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டது. அனுபவசாலி மெக்கானிக் உடனே பார்ட்டை மாற்றச் சொல்ல மாட்டார். வடிகட்டியின் இருபுற அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் குழாய் வெடித்திருக்கிறதா, வயர் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். சென்சார் பாவம், அதன் மேல் வீண்பழி!

கார் தன் கோளாறைத் தானே சொல்லும் இந்த வசதிக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைக் கண் எரியும் மூட்டம் மூடியபோது, ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டானோ என்று ஜனங்கள் பயந்தார்கள். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அல்லவா? உண்மையான குற்றவாளி யார் என்று 1950களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர். வாகனப் புகையிலும் எண்ணெய் ஆலைகளிலும் இருந்து வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து இந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று காட்டினார். (அதற்கு முன் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப் பழத்தின் மணத்தை!) பின்னாளில் கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அதன்பின் சட்டங்கள் வந்தன. 1976ல் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் சென்சார் வால்வோ காரில் முதன்முதலாக ஏறியது. 1988 மாடல்களில் இருந்து கார் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றது கலிபோர்னியா. 1996ல் அமெரிக்கா முழுவதும் ஒரே சாக்கெட், ஒரே மாதிரி கோடு எண்கள். ஐரோப்பாவில் டீசல் கார்களுக்கு இது 2003க்குப் பிறகுதான் வந்தது. இந்தியாவில் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்ட முறை கட்டாயமானது. விளக்கு எரியவில்லை என்றால் கார் சுத்தம் என்று எல்லோரும் நம்பப் பழகினார்கள்.

அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

டீசல் என்ஜினின் தலைவலி இது: எரிப்பு சூடாக நடந்தால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். புகையைத் திருப்பி அனுப்பிச் சூட்டைக் குறைத்தால் ஆக்சைடு குறையும், ஆனால் கரி கூடி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும் பலூன் மாதிரி. அமெரிக்காவின் அன்றைய ஆக்சைடு வரம்பு ஒரு மைலுக்கு 0.07 கிராம். அதாவது ஐரோப்பாவின் யூரோ 5 வரம்பில் ஏறக்குறைய கால் பங்கு. 2006 வாக்கில் ஃபோக்ஸ்வாகன் பொறியாளர்களுக்கு ஒன்று புரிந்தது. வாடிக்கையாளர் விரும்பும்படியான காரை இந்த வரம்புக்குள் கொண்டுவர முடியாது. பரிசோதனை நடக்கும்போது மட்டும் சுத்தமாக ஓடி, சாலையில் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும் மென்பொருளை எழுதினார்கள். 2009 மாடல் ஜெட்டா முதல் இந்த கார்கள் 'சுத்தமான டீசல்' என்ற விளம்பரத்தோடு விற்றன.

கதை சூடு பிடிப்பது 2012ல். சில கார்களில் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. காரணம் தேடிய பொறியாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கார் சாலையில் ஓடும்போதும் தவறிப்போய் 'பரிசோதனை' நிலையிலேயே இருந்துவிடுகிறது. அதாவது, சட்டப்படி சுத்தமாக ஓடுகிறது! அந்த நிலையில் நெடுநேரம் ஓட அது வடிவமைக்கப்படவில்லை. எக்ஸாஸ்ட் பகுதி தாங்கவில்லை. நேர்மையான மெக்கானிக் என்ன செய்வார்? பாகத்தைப் பலப்படுத்துவார். இவர்கள் பலப்படுத்தியது மோசடியை. ஸ்டீயரிங் திரும்புகிறதா என்று பார்த்து, திரும்பினால் சாலைதான் என்று உடனே முடிவுசெய்யும்படி மென்பொருளைத் திருத்தினார்கள். (சோதனைக்கூடத்தில் சக்கரம் உருளைமேல் சுழலும், ஸ்டீயரிங்கை யாரும் தொட மாட்டார்கள்.) ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் 'காரை மேம்படுத்தும் அப்டேட்' என்ற பெயரில் இது ஏற்றப்பட்டது. உரிமையாளர்கள் நம்பிக்கையோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதெல்லாம் 2017ல் அந்த நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இந்த விவகாரத்திலேயே மனதை உறுத்தும் இடம் இதுதான்.

பிடிபட்டதும் ஒரு தற்செயல். ஐரோப்பாவில் டீசல் கார்கள் சாலையில் அதிகம் புகைவிடுவது தெரிந்திருந்தது. அமெரிக்கச் சட்டம் கடுமையானது, எனவே அங்கே ஓடும் அதே டீசல் கார்கள் சுத்தமாக இருக்கும், அதை ஐரோப்பாவுக்கு உதாரணமாகக் காட்டலாம் என்று ஐசிசிடி என்ற தொண்டு நிறுவனம் நினைத்தது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 70,000 டாலர் கொடுத்தது. டான் கார்டர் தலைமையிலான குழுவில் மார்க் பெஷ், பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் கப்பண்ணா, சென்னையைச் சேர்ந்த அரவிந்த் திருவேங்கடம் ஆகியோர் இருந்தார்கள். காரின் பின்பக்கம் அளவுக் கருவிகளையும் அவற்றுக்கு மின்சாரம் தர ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவில் சுற்றினார்கள். பாசாட் காரை மட்டும் லாஸ் ஏஞ்சலீஸில் இருந்து சியாட்டல் போய்த் திரும்பும் வரை, ஏறத்தாழ 4,000 கி.மீ. ஓட்டினார்கள்.

கணக்கு உதைத்தது. ஜெட்டா வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு, பாசாட் 5 முதல் 20 மடங்கு ஆக்சைடு கக்கியது. கூடவே சோதித்த பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருந்தது. முதலில் தங்கள் கருவியைத்தான் அவர்கள் சந்தேகித்தார்கள். ஆனால் அதே இரண்டு கார்களும் கலிபோர்னியா வாரியத்தின் சோதனைக்கூடத்தில் ஒழுங்காகத் தேறின!

2014 மே மாதம் அறிக்கை வந்தது. ஃபோக்ஸ்வாகன் தொழில்நுட்பக் காரணங்கள் பல சொல்லி, அந்த ஆண்டு டிசம்பரில் சுமார் 5 லட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் செய்வதாக அறிவித்தது. வாரியம் மறுபடி அளந்தது. ஆக்சைடு சற்றுக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அப்போது வாரியத்தினர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று, ஒரு சாதாரண மெக்கானிக்கே கேட்கக்கூடியது: இத்தனை மடங்கு புகை போகும்போது டேஷ்போர்டு விளக்கு ஏன் எரியவில்லை? சென்சார் பழுதில்லை, வயர் அறவில்லை, ஸ்கேனரில் கோடும் இல்லை. காவலுக்கு வைத்த மென்பொருளே திருடனுக்குக் கூட்டாளி என்றால் விளக்கு எப்படி எரியும்?

2016 மாடல்களுக்கு அனுமதி தர முடியாது என்று அதிகாரிகள் பிடிவாதமாக நின்ற பிறகே, 2015 செப்டம்பர் 3 அன்று நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது. 18ஆம் தேதி அமெரிக்க அரசு வெளியிட்ட நோட்டீஸில் சுமார் 4,82,000 கார்கள். ஆக்சைடு வரம்பைப் போல 40 மடங்கு வரை. உலகம் முழுக்க எண்ணிக்கை 1.1 கோடியானது. இந்தியாவிலும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த வாரமே தலைமை அதிகாரி மார்ட்டின் விண்டர்கார்ன் பதவி விலகினார். அமெரிக்காவில் மட்டும் இந்தக் கூடுதல் புகையால் 2008க்கும் 2015க்கும் இடையில் 59 பேர் அகால மரணம் அடைந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இது முதல் தடவையும் அல்ல. 1973 மாடல் கார்களில் புகைக் கட்டுப்பாட்டை முடக்கும் வெப்ப ஸ்விட்ச் வைத்ததற்காக இதே நிறுவனம் 1974ல் 1,20,000 டாலர் கட்டியிருக்கிறது. 1998ல் ஏழு லாரி என்ஜின் நிறுவனங்கள் இதே மாதிரி தந்திரத்தில் மாட்டி, மொத்தம் 100 கோடி டாலர் அளவுக்குச் செலவிடச் சம்மதித்தன. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமரசத்தின் ஒரு நிபந்தனை ஓடும் வண்டியில் வைத்துப் புகையை அளப்பது. அதற்கான கருவியை உருவாக்கியது அதே வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம்தான்.

கணக்கு தீர்க்கும் நேரத்தில் தொகைகள் வேறு மாதிரி இருந்தன. 2016ல் அமெரிக்காவில் 1,470 கோடி டாலர் வரையிலான சமரசம். 2017ல் 280 கோடி டாலர் குற்ற அபராதம். ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 40 மாதம், ஆலிவர் ஷ்மிட் என்ற மேலாளருக்கு 7 ஆண்டு சிறை. 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பாவில் புதிய ரகக் கார்களைச் சாலையிலேயே ஓட்டி அளக்கிறார்கள். இந்தியாவில் இது 2023 ஏப்ரலில் வந்தது.

திரும்ப வாங்கிய கார்களை நிறுத்த இடம் தேடி, மிச்சிகனில் மூடிக்கிடந்த ஒரு விளையாட்டு அரங்கத்தின் பார்க்கிங்கையும் கலிபோர்னியாவின் விக்டர்வில் பாலைவன விமான நிலையத்தையும் நிறுவனம் வாடகைக்கு எடுத்தது. அங்கே ஆயிரக்கணக்கில் வரிசை வரிசையாக நின்ற அந்த கார்களில் பல, திருத்தம் ஏற்றப்பட்டு மறுபடி விற்பனைக்குப் போயின.