திருநீர்மலையில் ஒரு திருமணம்

கோயிலும் இசையும் திருமணமும் தமிழர் வாழ்வில் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தவை. குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி நயினாதீவுக்குச் செல்வோர் இதனை நன்கறிவர். கடல் சூழ்ந்த அத்தீவிலே, போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்று 1788ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்த நாகபூஷணி அம்மன் ஆலயம் நிற்கின்றது. ஆனி மாதத் திருவிழாவில் நாதசுர இசை அங்கே அலையோசையோடு கலந்து ஒலிக்கின்றது. இத்தகைய பழம்பதிகளில் தாலி பூணுவதைப் பெரும்பேறாக மதிக்கும் வழக்கம் ஈழத்திலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு.

அவ்வாறு தமிழகத்துப் பழம்பதி ஒன்றிலே நிகழ்ந்த திருமணம் ஒன்று, இசை வரலாற்றில் மட்டுமன்றிச் சமுதாய வரலாற்றிலும் இடம்பெறத்தக்கது. 1940ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் நாள், சென்னையை அடுத்த திருநீர்மலையில், எம். எஸ். சுப்புலட்சுமியும் டி. சதாசிவமும் மணம் புரிந்துகொண்டனர்.

திருநீர்மலை வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம் என்னும் நான்கு நிலைகளிலும் திருமாலை வணங்கத்தக்க தலம் அது. மலையடிவாரத்தில் நீர்வண்ணர் நின்றருள, மலைமேல் அரங்கநாதர் பள்ளி கொண்டுள்ளார். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்ததென்றும், நீர் வடியும் வரை அவர் காத்திருந்து வழிபட்டாரென்றும் தலவரலாறு கூறும்.

மணமகள் 1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள் மதுரையில் பிறந்தவர். அன்னை சண்முகவடிவு வீணையில் வல்லவர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். கோயிலையும் கலையையும் சார்ந்து வாழ்ந்த தேவதாசி மரபு அவர்களுடையது. அம்மரபில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டுவது பண்டை வழக்கம். பொட்டுக் கட்டப்பட்ட பெண் தெய்வத்துக்கே மனைவியாகக் கருதப்பட்டாள். மானிடன் எவனும் அவளுக்குச் சட்டப்படி கணவன் ஆகான். அவள் பெற்ற பிள்ளைகள் தாயின் பெயரையே தாங்கினர்.

யாழ்ப்பாணத்துக் கோயில் விழாக்களில் நாதசுரமும் தவிலும் பெரிய மேளம் எனவும், ஆடல் மகளிர் குழு சின்ன மேளம் எனவும் வழங்கப்பட்டன. கோயில்களில் அம்மகளிர் ஆடுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் கடிந்தார். தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டு வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடினார். ஆயினும், அம்மகளிரின் பாட்டையும் ஆட்டத்தையும் விரும்பிச் சுவைத்த சமுதாயம், அவர்களைத் தன் இல்லங்களில் மருமகளாக ஏற்க முன்வரவில்லை. கலைக்குக் கிடைத்த மதிப்பு கலைஞருக்குக் கிடைக்கவில்லை.

மணமகன் சதாசிவம் 1902ஆம் ஆண்டில் பிறந்த அந்தணர், நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டவர், இராஜாஜியின் அன்பர், எழுத்தாளர் கல்கியின் உற்ற நண்பர். முதல் மனைவியை இழந்த அவருக்குப் பெண் மக்கள் இருவர் இருந்தனர். 1936ஆம் ஆண்டளவில் அவர் சுப்புலட்சுமியைச் சந்தித்தார். 1938இல் சுப்புலட்சுமி நடித்த ‘சேவாசதனம்’ வெளிவந்தது. பெண்ணின் மானமும் மணவாழ்வும் சமுதாயத்தின் கையிற்பட்டு அலைக்கழிவதைக் காட்டிய படம் அது. இரண்டாண்டுகளின் பின் அப்பெண்மணியே திருநீர்மலையில் மாலை சூடினார்.

பொட்டுக்கட்டு முறையை முற்றாகத் தடுத்த சென்னை மாகாணச் சட்டம் பிறந்தது 1947ஆம் ஆண்டில். அதற்கு ஏழாண்டுகள் முன்னரே இத்திருமணம் நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். எந்தக் கோயில் முன்னிலையில் அம்மரபுப் பெண்களுக்கு மணவாழ்வு மறுக்கப்பட்டதோ, அத்தகைய ஒரு கோயிலின் முன்னிலையிலேயே அம்மரபில் வந்த பெண்ணொருத்தி மனைவி என்னும் உரிமையைப் பெற்றாள்.

மணத்தின் பின் தம்பதியர் வாழ்வு முழுவதும் இசையைச் சுற்றியே அமைந்தது. 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் சுப்புலட்சுமி நாரதராக நடித்துப் பெற்ற பணம், ‘கல்கி’ இதழின் தோற்றத்துக்கு முதலாயிற்று. 1945இல் வெளியான ‘மீரா’வில் சதாசிவத்தின் மகள் ராதா இளம் மீராவாகத் தோன்றினார், பின்னர்க் கச்சேரிகளில் சுப்புலட்சுமியுடன் அமர்ந்து பாடினார். ‘மீரா’வுக்குப் பின் சுப்புலட்சுமி நடிப்பை விட்டார். எங்கே பாடுவது, எதைப் பாடுவது என்பனவற்றைச் சதாசிவமே வகுத்தார். அதனாற் புகழ் வளர்ந்தது; பல கச்சேரிகளின் வருவாய் அறப்பணிகளுக்குச் சென்றது. எனினும் கலைஞரின் விருப்பம் கணவரின் முடிவுக்குள் அடங்கிற்று என்பாரும் உளர். இரண்டும் வரலாற்றின் பகுதியே.

எல்லோரும் இவ்வழியிற் சென்றாரல்லர். வீணை தனம்மாளின் பேர்த்தி பாலசரஸ்வதி, தம் மரபின் ஆடலையும் பெயரையும் விடாது பற்றி நின்று உலகப் புகழ் எய்தினார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை 1968இல் சுப்புலட்சுமியும், 1973இல் பாலசரஸ்வதியும் பெற்றனர். பெண்களுள் அவ்விருதை முதலிற் பெற்றவர் சுப்புலட்சுமியே. வழிகள் வேறாயினும், இருவரும் பாட்டிமார் வளர்த்த கலையைக் கொண்டே அம்மேடையை அடைந்தனர்.

திருநீர்மலையில் தொடங்கிய இல்லறம் ஐம்பத்தேழு ஆண்டுகள் நீடித்தது. 1997 நவம்பரில் சதாசிவம் மறைந்தார். அதன்பின் சுப்புலட்சுமி மேடையேறிக் கச்சேரி செய்யவில்லை. 1998இல் பாரத ரத்னா விருது பெற்று, 2004 டிசெம்பர் 11ஆம் நாள் அவரும் இயற்கை எய்தினார்.

‘எம். எஸ்.’ என்னும் இரண்டெழுத்துகளில் முன்னது பிறந்த மதுரை. பின்னது பெற்ற தாய் சண்முகவடிவு. மணமாலை சூடிய பின்னும் அவ்வெழுத்துகள் மாறவில்லை. கணவரின் இல்லத்தை அவர் தம் இல்லமாக்கிக் கொண்டார். ஆனால் நாடு அவருக்கு விருது வழங்கிச் சிறப்பித்தபோது, அந்தப் பெயரின் முன்னே மதுரையும் வீணை வாசித்த அன்னையும் இருந்தனர்.